கழுத்துத் தண்டுவடத்தை நெருக்கும் எலும்பு: காத்திருப்பதா, பின்வழியா, முன்வழியா?

என் தந்தை சேலம் அம்மாபேட்டையில் 41 ஆண்டுகள் கைத்தறி நெய்தவர். பாவில் ஓர் இழை அறுந்தால் பேச்சை நிறுத்தாமலேயே விரல் நுனியில் அதைப் பிணைத்துவிட்டு நாடாவை மறுபடி ஓட்டுகிறவர், தம் 64ஆம் வயதில் ஒரே ஓர் இழையைப் பிடிக்க முடியாமல் தறியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "இழை கையில நிக்க மாட்டேங்குது கண்ணு" என்றார். பார்வை மங்கியிருக்கும் என்று கண்ணாடியை மாற்றினோம். தறிக்குழிக்குள் அவருடைய கால் மிதியைத் தேடித் தடவியபோது, அது முழங்கால் தேய்மானம் என்று நானே முடிவு கட்டினேன். நான் 18 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிகிறவள். அப்படியிருந்தும் நான்கு மாதங்கள் அவருக்குத் தொடைத்தசைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் வலியே இல்லை என்பதுதான் என்னைத் தவறான பக்கம் பார்க்க வைத்தது.

அவருக்கு வந்திருந்தது கழுத்துத் தண்டுவட நெருக்கம். முள்ளெலும்புகளின் பின்பக்கத்தை ஒட்டி, தண்டுவடக் கால்வாய்க்குள் மேலிருந்து கீழாக ஓடும் ஓர் இணைநார் உண்டு. அது சிறிது சிறிதாக எலும்பாக மாறித் தடித்து, தனக்குப் பின்னாலிருக்கும் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருந்தது. மருத்துவர்கள் இதை ஆங்கில முதலெழுத்துகளால் ஓபிஎல்எல் என்று குறிப்பிடுவார்கள். ஜப்பானில் 1960இல் சுகிமோட்டோ என்பவர் பிரேதப் பரிசோதனையில் கண்டதை எழுதிய பிறகு இது தனி நோயாகக் கவனம் பெற்றது. அந்நாட்டில் நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு எக்ஸ்ரேயில் இது தென்படுகிறது. நம்மிடையே அரிது என்பதால், கைவிரல் தடுமாற்றத்தோடு ஒருவர் வரும்போது சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறோ மணிக்கட்டு நரம்பு நெருக்கமோதான் நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

இந்த நோய் கண்டறியப்பட்ட ஒரு குடும்பத்தின் முன்னால் வைக்கப்படும் வழிகள் மூன்று: அறுவை செய்யாமல் கண்காணித்துக் காத்திருப்பது, கழுத்தின் பின்பக்கமாகத் திறந்து தண்டுவடத்துக்கு இடம் உண்டாக்குவது, முன்பக்கமாகச் சென்று வளர்ந்த எலும்பையே அகற்றுவது. எங்கள் குடும்பத்தில் இம்மூன்றையும் பற்றி மாதக்கணக்கில் பேசியிருக்கிறோம். தந்தை பின்வழி அறுவை செய்துகொண்டார். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் சித்தப்பா காத்திருக்கிறார். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்மணிக்கு முன்வழி அறுவை நடந்தது. மூவருக்கும் நோய் ஒன்று, முடிவுகள் வேறு. ஏன் வேறானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவுக்கு முன்: நோய் இதுதானா?

எந்த வழி என்று ஒப்பிடுவதற்கு முன்னால் நோய் இதுதான் என்று உறுதியாக வேண்டும். இதில் படங்களுக்கு முன்பே கையும் காலும் நிறையச் சொல்லிவிடுகின்றன. பத்து வினாடிகளில் கையை எத்தனை முறை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நலமாக இருப்பவர் 20 முறையாவது செய்வார், என் தந்தை 11 முறை செய்தார். விரல்களை ஒட்டி நீட்டச் சொன்னால் சுண்டுவிரல் தானாக விலகிப் போகிறதா, ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடிகிறதா, கண்ணை மூடி நின்றால் உடல் தள்ளாடுகிறதா என்பவையெல்லாம் வீட்டிலேயே கவனிக்கக் கூடியவை. நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் மடங்குவதும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி நிமிர்வதும் மருத்துவர் பார்க்க வேண்டிய அடையாளங்கள். இவை இருந்தால் கோளாறு கைகால் நரம்பில் அன்று, தண்டுவடத்திலோ அதற்கு மேலோ இருக்கிறது என்று பொருள். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறில் அனிச்சைத் துடிப்புகள் மங்கும். தண்டுவட நெருக்கத்தில் அவை மிகும். இந்த ஒரு வேறுபாட்டை அன்று நான் சோதித்திருந்தால் அந்த நான்கு மாதங்கள் வீணாகியிருக்கமாட்டா.

இதேபோன்ற நடைத் தடுமாற்றத்தை வைட்டமின் பி12 குறைவும் உண்டாக்கும்; அதை ஊசியால் சரிசெய்ய முடியும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. இயக்க நரம்பணு நோய் இன்னொன்று. அதில் தசை மெலியும், நாக்கிலும் துடிப்பு தெரியும், உணர்ச்சி மட்டும் கெடாது. அந்த நோய் உள்ளவருக்குக் கழுத்தில் அறுவை செய்தால் பயன் கிடைக்காது. முதுகெலும்புக் காசநோயையும் நம் ஊரில் மறந்துவிட முடியாது.

படங்களில் எம்ஆர்ஐ தண்டுவடத்தின் நிலையைக் காட்டும். எலும்பாக மாறிய பகுதியின் வடிவத்தையும் அளவையும் காட்டுவது சிடி ஸ்கேன்தான். எம்ஆர்ஐயில் எலும்பும் தடித்த நாரும் ஒரேபோல் கறுப்பாகத் தெரிவதால், சிடி எடுக்காமல் வழியைத் தீர்மானிப்பது சரியன்று. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் இரண்டு எக்ஸ்ரேக்கள் செலவு குறைந்தவை, ஆனால் எங்கள் முடிவையே மாற்றியவை அவைதாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சேலத்துக்காரர்கள் கூடுதலாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் கடினப் பாறை நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைவிட மிகுந்த நீரைப் பல பத்தாண்டுகள் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை மட்டுமின்றி, எலும்பு இறுகுவதும் இணைநார்கள் எலும்பாவதும் நேர்கின்றன. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதை ஷார்ட்டும் உடன்பணியாற்றியவர்களும் 1937இல் பதிவு செய்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கும் நோக்கமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சேலம் நகரத்தில் இருப்பவர்கள் மேட்டூர் நீரைக் குடிப்பதால் தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பிறந்து வளர்ந்த ஊரின் நீர் எது என்பதுதான் கேள்வி. என் தந்தையும் சித்தப்பாவும் ஓமலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிணற்று நீரும் பிறகு ஆழ்துளைக் கிணற்று நீரும் குடித்து வளர்ந்தவர்கள்.

ஃபுளோரைடு பாதிப்பு என்ற ஐயம் வந்தால் முன்கையை ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு முன்கை எலும்புகளுக்கும் இடையிலுள்ள சவ்வில் சுண்ணம் படிந்திருப்பது அதன் தெளிவான அடையாளம். அது தெரிந்தால் கழுத்தோடு நிறுத்தாமல் முதுகெலும்பு முழுவதையும் எம்ஆர்ஐயில் பார்த்தாக வேண்டும். இந்தப் பாதிப்பில் நெஞ்சுப் பகுதியில், தண்டுவடத்துக்குப் பின்னாலிருக்கும் மஞ்சள் இணைநாரும் எலும்பாகித் தண்டுவடத்தை நெருக்கக் கூடும். அதைக் காணாமல் கழுத்தை மட்டும் சரிசெய்தால் கை தேறும், கால் தேறாது. குடும்பம் அறுவையையே குற்றம் சொல்லும். அறுவை மருத்துவருக்கும் இது முன்கூட்டித் தெரிய வேண்டும், ஏனெனில் ஃபுளோரைடு ஏறிய எலும்பு தந்தம்போல் இறுகியிருக்கும், தண்டுவட உறையோடு ஒட்டியும் இருக்கும்.

காத்திருத்தல்

காத்திருப்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான். அது எப்போது பொருந்தும் என்பதற்குத் தண்டுவடம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற கணக்கு வேண்டும். ஜப்பானிய எலும்பியல் சங்கம் வகுத்து, பிறகு பிற நாடுகளுக்கேற்பத் திருத்தப்பட்ட மதிப்பெண் முறை ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. கையியக்கத்துக்கு 5, காலியக்கத்துக்கு 7, உணர்ச்சிக்கு 3, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு 3 என மொத்தம் 18. இதில் 15 முதல் 17 வரை லேசான பாதிப்பு, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11உம் அதற்குக் கீழ்ப்பட்டதும் கடுமை. 2017இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் நடுத்தரப் பாதிப்புக்கும் கடும் பாதிப்புக்கும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. லேசான பாதிப்புக்கு அறுவையோ, மேற்பார்வையுடன் கூடிய மறுவாழ்வுப் பயிற்சியோ என்று இரண்டையும் திறந்து வைத்துவிட்டு, பயிற்சிக் காலத்தில் நிலை சரிந்தால் அறுவைக்குப் போகச் சொல்கிறது.

சித்தப்பாவுக்கு 61 வயது. உடன்பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், அண்ணனுக்குக் கண்டறிந்த பிறகு அவருக்கும் படம் எடுத்தோம். எலும்பு வளர்ந்திருந்தது, மதிப்பெண் 16. விரல்கள் சில நேரம் மரத்துப்போகும் என்பதைத் தவிர அவருக்குக் குறையொன்றும் இல்லை. தண்டுவடத்துக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டர். ஜப்பானிய நோயாளிகளை நெடுங்காலம் கவனித்த ஆய்வுகளில், இடைவெளி 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த அனைவருக்கும் தண்டுவடப் பாதிப்பு இருந்தது. 14க்கு மேற்பட்டவர்களுக்கு இல்லை. இடைப்பட்டவர்களுக்குக் கழுத்தின் அசைவு எவ்வளவு என்பதைப் பொறுத்து அமைந்தது. சித்தப்பா இடைப்பட்டவர், அவருடைய கழுத்தின் அசைவும் குறைவு. ஆகவே காத்திருப்பதை நான் ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன்.

ஆனால் அவர் வெறுமனே நாளைக் கடத்திக்கொண்டிருக்கவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியிலிருந்து மிளகு பறிக்க ஏணியில் ஏறுவதை அவர் முதல் நாளிலேயே விட்டுவிட்டார். இந்தக் கழுத்தோடு வழுக்கி விழுந்தால், எலும்பு முறியாமலேயே, ஒரே நொடியில் கைகால் நான்கும் செயலிழக்கக் கூடும். காத்திருப்பவர்களுக்கு இருக்கும் உண்மையான ஆபத்து நோய் மெல்ல வளர்வதைவிட இதுவே. சரிவில் ஈரமான மாதங்களில் அவருக்குக் கீழ்க்களத்தில் காய் உலர்த்தும் வேலை. முடி திருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதும், கழுத்தைப் பிடித்து இழுக்கும் எந்த வைத்தியமும் கூடாது. எண்ணெய் தேய்த்துக் கழுத்தை நீவிவிட்டால் இறுக்கம் தளரும் என்று நம்புகிறவர்கள் மலையிலும் கீழேயும் நிறைய; உள்ளே இருப்பது தசையிறுக்கம் அன்று, எலும்பு. அதை மருந்தோ நீர் மாற்றமோ கரைப்பதில்லை. தண்ணீரை மாற்றினோம் என்றால் அது மேலும் ஃபுளோரைடு சேராமல் தடுப்பதற்காக.

பொதுவாகக் குடும்பங்கள் காத்திருப்பதற்குச் சொல்லும் காரணம் வேறு: "இப்போதுதான் வலியே இல்லையே, வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்." இந்த நோயில் வலி வழிகாட்டாது. வலி வராமலேயே நடை போய்விடும், நடை போன பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு போகும், அந்தக் கட்டத்தில் செய்யப்படும் அறுவை பெரும்பாலும் மேலும் கெடுவதை நிறுத்தும், போனதை முழுதாக மீட்காது. நடுத்தரப் பாதிப்பில் இருப்பவர் காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். என் தந்தையின் மதிப்பெண் 12.

பின்வழியும் முன்வழியும்

அறுவை என்று முடிவான பிறகு எழும் கேள்வி எந்தப் பக்கம் என்பது. தண்டுவடத்தை அழுத்தும் எலும்பு முன்னால்தானே இருக்கிறது, பின்னால் திறந்தால் எப்படிச் சரியாகும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இயல்பான கழுத்து முன்பக்கம் வளைந்து வில்போல் நிற்கிறது. பின்பக்கக் கூரையை எடுத்தாலோ விரித்தாலோ, அந்த வளைவின் காரணமாகத் தண்டுவடம் தானாகப் பின்னால் நகர்ந்து எலும்பைவிட்டு விலகிக்கொள்ளும். கழுத்து நேராகவோ எதிர்ப்பக்கம் கூனியோ இருந்தால் அது நகராது. முன்னாலுள்ள எலும்பின் மேலேயே இழுபட்டு நிற்கும்.

இதை அளக்க ஒரு கோடு இருக்கிறது. பக்கவாட்டுப் படத்தில், இரண்டாம் கழுத்தெலும்பு மட்டத்தில் கால்வாயின் நடுப்புள்ளியையும் ஏழாம் கழுத்தெலும்பு மட்டத்தில் நடுப்புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதுவே கே கோடு. ஃபுஜியோஷி என்ற ஜப்பானிய அறுவை மருத்துவரும் குழுவினரும் 2008இல் இதை முன்வைத்தனர். வளர்ந்த எலும்பு இக்கோட்டைத் தாண்டாமல் முன்னாலேயே நின்றால் பின்வழி பயன்தரும். தாண்டிவிட்டால் பின்வழி மட்டும் செய்வதில் பலன் குறைவு. இதோடு, எலும்பு கால்வாயின் குறுக்களவில் 50 முதல் 60 விழுக்காட்டுக்கு மேல் அடைத்திருந்தால் முன்வழியை எண்ணுவது வழக்கம். ஓர் அளவுகோலும் பென்சிலும் போதும், படத்தை விளக்கும் மருத்துவரிடம் இக்கோட்டை வரைந்து காட்டச் சொல்ல எந்தக் குடும்பமும் தயங்க வேண்டியதில்லை.

முன்வழி அறுவையில் தொண்டையின் பக்கவாட்டில் திறந்து, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, முள்ளெலும்பின் உடற்பகுதியை அகற்றி, அதன் பின்னாலிருக்கும் வளர்ந்த எலும்பை நுண்ணோக்கியின்கீழ் குடைந்து எடுக்கிறார்கள்; அல்லது தேய்த்து மெலிதாக்கி, விளிம்புகளைப் பிரித்து முன்னால் மிதக்க விடுகிறார்கள். காலியான இடத்தில் இடுப்பெலும்புத் துண்டோ உலோகக் கூடோ வைத்துத் தகட்டால் இறுக்குகிறார்கள். அழுத்தம் நேராக நீங்குகிறது என்பது இதன் பெருமை. ஆனால் வளர்ந்த எலும்பு பல நேரம் தண்டுவட உறையையும் எலும்பாக்கியிருக்கும். சிடியில் நடுவே கருங்கோடு விழுந்த இரட்டைப் படலமாக அது தெரியும். அங்கே உறை கிழிந்து தண்டுவட நீர் கசிவது இந்த வழியின் முதன்மையான தொல்லை. விழுங்கச் சிரமமும் குரல் கம்முவதும் அடுத்தவை. எலும்பு மூன்று நான்கு முள்ளெலும்பு நீளத்துக்கு ஓடியிருந்தால் வைக்கும் கூடு நழுவும் வாய்ப்பும் கூடுகிறது.

வட அமெரிக்காவில் 163 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, தேய்மானத்தால் தண்டுவட நெருக்கம் வந்தவர்களை முன்வழி, பின்வழி என்று குலுக்கல் முறையில் பிரித்தது. ஓராண்டு கழித்து உடல்நலத்தில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொல்லைகளோ முன்வழியில் ஏறக்குறைய 48 விழுக்காடு, பின்வழியில் 24. முன்வழித் தொல்லைகளில் பெரும்பகுதி விழுங்கும் சிரமம். அது தேய்மானத்தைப் பற்றியது என்பதால் எங்கள் நோய்க்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இரு வழியும் பொருந்தும் கழுத்தாக இருந்தால் பின்வழியை நோக்கிச் சாய அது எனக்கு ஒரு காரணமாயிற்று.

பின்வழி பொருந்தாத கழுத்துகளும் உண்டு. கருப்பூர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் பயிற்சிக்கு வந்த 46 வயதுப் பெண்மணிக்கு எலும்பு ஒரே இடத்தில் குன்றுபோல் எழுந்து கே கோட்டைத் தாண்டி நின்றது. கழுத்தும் பின்பக்கம் கூனியிருந்தது. அவருக்கு முன்வழியைத் தவிர நல்ல வழி இருக்கவில்லை. உறை கிழிந்து, இடுப்பில் குழாய் வைத்து நீரை வடித்து, ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். இரண்டு மாதம் கஞ்சியும் குழைந்த சோறும்தான் இறங்கின. அவ்வளவுக்குப் பிறகும் அந்த முடிவு சரியானதே என்பேன்: கைத்தடியோடு வந்தவர் இன்று தனியாகப் பேருந்தில் வருகிறார். தொல்லை குறைவு என்பதற்காக அவருக்குப் பின்வழியைத் தேர்ந்திருந்தால், தொல்லையும் இருந்திருக்காது, பயனும் இருந்திருக்காது.

பின்வழிக்குள்ளேயும் இரண்டு

என் தந்தைக்கு எலும்பு மூன்றாம் கழுத்தெலும்பிலிருந்து ஆறாம் எலும்பு வரை நீண்டிருந்தது, கால்வாயில் 45 விழுக்காடு அடைத்திருந்தது, கழுத்தின் வளைவு கெடவில்லை, கோட்டையும் தாண்டவில்லை. ஆகவே பின்வழி என்பதில் எங்களுக்குக் குழப்பமில்லை. ஆனால் பின்வழியிலும் இரண்டு முறைகள் இருந்தன, உண்மையில் நாங்கள் மிகுதியாகத் தவித்தது இங்கேதான்.

ஒன்று லாமினோபிளாஸ்டி. முள்ளெலும்பின் பின்கூரையை ஒரு பக்கம் முழுதாக அறுத்து, மறுபக்கம் பாதி அறுத்துக் கீல்போல் விட்டு, கதவு திறப்பதுபோல் திறந்து சிறு தகடுகளால் நிறுத்திவிடுவது. ஜப்பானில் ஹிராபயாஷி 1970களின் இறுதியில் இதை வகுத்தார். கழுத்தின் அசைவு ஓரளவு காக்கப்படும் என்பது இதன் ஆதாயம். மற்றது, கூரையை முழுதாக எடுத்துவிட்டு, திருகாணிகளும் கம்பிகளும் கொண்டு அந்தப் பகுதியை அசையாமல் இணைத்துவிடுவது, லாமினெக்டமியும் ஃபியூஷனும். கூரையை மட்டும் எடுத்துவிட்டு இணைக்காமல் விடும் பழைய முறையில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கழுத்து கூனிப்போகிறது என்பதால், அதை யாராவது பரிந்துரைத்தால் காரணம் கேட்பது நல்லது.

நான் லாமினோபிளாஸ்டியைத்தான் விரும்பினேன். தறியில் உட்காருகிறவர் நாள் முழுதும் குனிந்து பாவைப் பார்க்க வேண்டும். கழுத்தை இணைத்துவிட்டால் அந்தத் தொழில் முடிந்தது. தந்தைக்கும் அதே எண்ணம். அப்போதுதான் அறுவை மருத்துவர் அந்த இரண்டு எக்ஸ்ரேக்களையும் விளக்குப் பெட்டியில் அருகருகே வைத்தார். வளர்ந்த எலும்பு ஒரே தொடராக இல்லை. நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. மேலும் கீழும் எலும்பு இறுகிவிட்டதால் கழுத்தின் அசைவு முழுதும் அந்த ஓர் இடத்தில் குவிந்திருந்தது. எம்ஆர்ஐயில் தண்டுவடம் வெளுத்துக் காயம்பட்டதுபோல் தெரிந்ததும் அதே மட்டத்தில். "இங்கே அழுத்தம் பாதி, ஆட்டம் பாதி. கூரையைத் திறந்தால் அழுத்தம் போகும், ஆட்டம் இருக்கும்" என்றார். லாமினோபிளாஸ்டிக்குப் பிறகும் எலும்பு வளர்வது நெடுங்காலத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் காணப்படுகிறது என்பதையும், இணைத்துவிட்டால் அந்த வளர்ச்சி மட்டுப்படுகிறது என்பதையும் சொன்னார். எதிர்ப்பக்கத்தையும் மறைக்கவில்லை: தோளைத் தூக்கும் ஐந்தாம் கழுத்து நரம்பு தற்காலிகமாகச் செயலிழப்பது இத்தகைய அறுவைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு நேர்கிறது, இணைப்பு முறையில் அது சற்றுக் கூடுதல் என்றார்.

தந்தை அன்றிரவு நெடுநேரம் பேசவில்லை. மறுநாள், "குனியாம நெய்ய முடியாது. ஆனா நடக்காம இருக்கவும் முடியாதுல்ல" என்றார். இணைப்பு முறையைத் தேர்ந்தோம்.

எங்கே செய்வது

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கோவையும் வேலூரும் சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன, சென்னை இன்னும் தொலைவு. உள்ளூரா வெளியூரா என்ற கேள்விக்கு ஊர்ப் பெயரைக்கொண்டு விடை சொல்ல நான் விரும்பவில்லை. கேட்க வேண்டியவை வேறு. இந்த நோய்க்கு, தேய்மானத்துக்கு அன்று, அந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை அறுவை செய்கிறார்? அறுவை நடக்கும்போதே தண்டுவடத்தின் மின் சமிக்ஞையைக் கண்காணிக்கும் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருக்கிறார்களா? மயக்க மருத்துவர், கழுத்தைப் பின்னால் சாய்க்காமல், நெகிழ்குழாய்க் கருவியைக்கொண்டு மூச்சுக்குழல் செலுத்துவாரா? இரவில் திடீரென்று கைகால் சோர்ந்தால் உடனே எம்ஆர்ஐ எடுத்து மறுபடி திறக்க வழியுண்டா? நான்குக்கும் தெளிவான விடை கிடைக்கும் இடமே நல்ல இடம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. திருகாணி, தகடு ஆகியவற்றின் விலை அந்தத் தொகுப்புக்குள் அடங்குகிறதா என்பதைச் சேருமுன்பே காப்பீட்டு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது பிறகு வரும் மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

நாங்கள் வெளியூருக்குப் போனோம். காரணம் மின் சமிக்ஞைக் கண்காணிப்பு ஒன்றுதான். திரும்பி வரும்போது கழுத்துப் பட்டையோடு காரில் பல மணி நேரம் உட்கார்ந்துவருவது அவருக்கு அறுவையைவிடக் கடினமாக இருந்தது என்பதையும், வெளியூர் என்றால் மாதாந்தரப் பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வேலை போகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அறுவைக்குப் பின்

மூன்றாம் நாள் காலையில் தந்தையால் வலக்கையைத் தலைவாரத் தூக்க முடியவில்லை. நூற்றில் ஐந்து என்று கேட்டபோது சிறிதாகத் தெரிந்த எண், அது நம் வீட்டில் நிகழும்போது அப்படித் தெரிவதில்லை. விரல்களும் கால்களும் நன்றாக அசைந்ததால் அது அந்த ஒரு நரம்பு மட்டுமே என்பது தெளிவாயிற்று. தோள் மூட்டு இறுகிவிடாமல் நாள்தோறும் நானே அசைத்துக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் அவர் தாமே சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஓராண்டு கழித்து அவருடைய மதிப்பெண் 15, கையை மூடித் திறக்கும் எண்ணிக்கை 17. நடையில் தள்ளாட்டம் இல்லை, இரவில் எழுந்து விளக்கில்லாமல் மட்டும் நடக்கமாட்டார். அறுந்த இழையைப் பிணைக்கும் நுட்பம் திரும்பவில்லை. தறியைத் தம்பி ஏற்றுக்கொண்டான். தந்தை திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றுகிறார். நான்கு மாதங்கள் முன்னதாகச் சென்றிருந்தால் விரல்களும் தேறியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அறிகுறி தோன்றியதற்கும் அறுவைக்கும் இடைப்பட்ட காலம் குறையக் குறைய மீட்சி கூடுகிறது என்றார்.

சித்தப்பாவுக்கு அடுத்த பரிசோதனை தை மாதத்தில், மிளகு அறுவடை தொடங்குமுன். ஏற்காட்டிலிருந்து அவர் கீழே வரும் நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. எந்த அளவுகளைப் பார்த்து முடிவை மாற்றுவது என்பதை அவரும் சித்தியும் நானும் மருத்துவரும் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம்: மதிப்பெண் 15க்குக் கீழ் இறங்கினால், பத்து வினாடியில் கையை மூடித் திறப்பது 21லிருந்து 18க்குக் குறைந்தால், சட்டைப் பொத்தானைப் போடச் சித்தியின் உதவி தேவைப்பட்டால், சிறுநீரை அடக்க முடியாமல் ஒரு முறை நேர்ந்தாலும், இவற்றில் எது முதலில் வந்தாலும் அந்த மாதமே பின்வழி அறுவைக்குத் தேதி வாங்குவது. அந்தத் தாள் அவர்கள் வீட்டு நாட்காட்டிக்குப் பின்னால் செருகியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் கையை எண்ணி, தாளில் குறித்துவிட்டு, எனக்குத் தொலைபேசியில் எண்ணைச் சொல்கிறார். சென்ற மாதம் 21.